மரைக்குள் மரை

மைப் பேனாவின் அழகு நிப்பில் முடிந்துவிடுவதில்லை. மை நிரப்ப அதன் வயிற்றுக்குள் வைத்த பொறி இன்னும் அழகு. அதைக் காணப் பேனாவைப் பிரிக்க வேண்டாம். பழைய காப்புரிமைப் படங்களே போதும்.

அமெரிக்கக் காப்புரிமை 896861. ஃபோர்ட் மேடிசன் என்ற அயோவா ஊரில் நகைக்கடை நடத்திய வால்டர் ஷீஃபருக்கு 1908 ஆகஸ்ட் 25இல் கிடைத்தது. அதற்கு முன்பே வந்த கான்க்ளின் பேனாவின் முதுகில் பிறை வடிவ உலோகத் துண்டு ஒன்று துருத்தி நிற்கும். அதை அமுக்கினால் ரப்பர் பை நசுங்கிக் காற்று வெளியேறும். விட்டால் பை நிமிரும், வெளிக்காற்றின் அழுத்தம் மையை உள்ளே தள்ளும். ஷீஃபர் அந்தத் துருத்தலை ஒழித்தார். உடலில் நீளவாக்கில் ஒரு பிளவு, அதில் சின்ன நெம்புகோல். நகத்தால் நெம்பினால் உள்ளிருக்கும் தகடு பையை நசுக்கும். மடக்கினால் நெம்புகோல் உடலோடு படிந்துவிடும். கைக்குத் தட்டுப்பட எதுவும் மிஞ்சாது.

ஆனாலும் என் ஓட்டு ஹங்கேரியப் பொறியாளர் தியோடோர் கோவாச்ஸுக்குத்தான். பின்பக்கக் குமிழைத் திருகிப் பிஸ்டனால் மை உறிஞ்சும் பேனாவில் ஒரு சங்கடம் இருந்தது: சாதாரண மரை வைத்தால், பிஸ்டன் எவ்வளவு தூரம் நகர வேண்டுமோ அவ்வளவு தூரம் குமிழும் வெளியே நீள வேண்டும். கோவாச்ஸ் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு மரைகளை வெட்டினார். குமிழைத் திருகும்போது இரண்டும் சேர்ந்து இயங்கும். குமிழ் கொஞ்சம்தான் எழும்பும், பிஸ்டனோ நெடுந்தூரம் ஓடிவிடும். 1929இல் ஜெர்மனியின் பெலிக்கன் இதை வைத்துத் தன் முதல் பேனாவை வெளியிட்டது. ரப்பர் பை இல்லாததால் உடல் முழுவதும் மைக்கே. பிஸ்டன் முனையில் தக்கை. மை இருப்பைப் பார்க்க ஒளி ஊடுருவும் உடல். 1933இல் வந்த பார்க்கர் வாக்குமேட்டிக்கும் பையைக் கைவிட்டதுதான். ஆனால் அதில் ரப்பர் சவ்வு உண்டு, அதை மாற்றப் பழகிய கை வேண்டும்.

நீளவெட்டுப் படத்தில் அந்த இரட்டை மரையைப் பின்தொடர்ந்து பாருங்கள். இத்தனை சிறிய இடத்தில் இவ்வளவு யோசனையை அடக்கிய வேறொரு எழுதுகருவியை நான் கண்டதில்லை.

வீட்டில் பழைய பேனா இருந்தால் அதன் உடலை லென்ஸ் வைத்துப் பாருங்கள். காப்புரிமைத் தேதி பொறித்திருக்கலாம். அமெரிக்க ஆவணம் என்றால் இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம்.