எலும்புக்குப் பெயர் தருவது எது?

அடையாளம் தெரியாத உடலை ஊடுகதிர்க் கருவிக்குள் வைத்தால், இன்னார் என்று தெரிந்துவிடும் எனப் பலர் நம்புகின்றனர். இந்நம்பிக்கை பாதியே உண்மை. வயது, பால், பழைய எலும்பு முறிவு ஆகியவற்றைப் படம் உணர்த்தும், பெயரை உணர்த்தாது. பெயர் வேண்டுமாயின், அவர் உயிரோடிருந்த காலத்தில் எடுத்த மற்றொரு படம் வேண்டும்.

1927-இல் கல்பெர்ட், லா என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர், மூக்கைச் சூழ்ந்த எலும்பறைகளின் பழைய படத்தைப் புதிய படத்தோடு ஒப்பிட்டு ஓர் உடலை அடையாளங்கண்டதாக வெளியிட்டனர். நெற்றி எலும்பறையின் விளிம்பு இரட்டையரிடையேகூட வேறுபடும். ஆயினும், சிலருக்கு அவ்வறையே இராது. பழைய படம் இல்லையேல் அவ்வேறுபாட்டாலும் பயனில்லை.

நம் வட்டாரத்து நிகழ்ச்சி ஒன்றைக் காண்போம். 2023 ஆகஸ்டு 17-இல் ஷா ஆலம் எல்மினாவில் சிறு விமானம் விழுந்து 10 பேர் மாண்டனர். உடல்கள் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டன. அங்கு மரபணு ஒப்பீடு துணைநின்றது. பயணிகளின் பெயர்ப் பட்டியல் கையிலிருந்தது. ஒப்பிட உறவினரும் இருந்தனர்.

உறவினர் கடல் கடந்திருக்கும் தொழிலாளியின் நிலை என்ன? கட்டடத் தளத்திலோ, பிரிக்பீல்ட்ஸ் உணவகத்திலோ உழைத்தவன் ஆற்றோரத்தில் எலும்பாகக் கிடைத்தால், யாரோடு ஒப்பிடுவது?

இதற்கு வழி உண்டு. கொரியப் போரில் இறந்து, ஹவாயில் பெயரின்றிப் புதைக்கப்பட்ட அமெரிக்க வீரர் பலரைப் பிற்காலத்தார் அடையாளங்கண்டனர். காசநோய்ச் சோதனைக்காக முன்பு எடுத்த மார்புப் படங்களில் தெரிந்த காறை எலும்பின் வடிவமே அதற்குக் கைகொடுத்தது. மலேசியாவுக்கு முறையாக வரும் அயல்நாட்டுத் தொழிலாளர்க்கு ஃபோமெமா வழியாக 1997 முதல் மருத்துவச் சோதனை நடைபெறுகிறது. அதில் மார்புப் படமும் அடங்கும். வேலைக்குத் தகுதியா என்று பார்க்க எடுத்த அதே படம், இறந்தவனுக்குப் பெயரை மீட்டுத் தரவும் கூடும்.

நோயாளியின் மறைவைக் காத்தல் வேண்டும் என்பது நியாயமே. காவல்துறை விசாரணைக்கு மட்டும், சட்ட வரம்புக்குள் படத்தைத் தரலாம். பத்திரமின்றி வந்தோர்க்கு இவ்வழியும் உதவாது. அக்குறை எஞ்சவே செய்யும். புதுக்கருவி வாங்குவதில் காட்டும் ஊக்கத்தைப் பழைய படத்தைப் பேணுவதிலும் காட்டவேண்டும். இல்லையேல், பெயரோடு வந்தவன் எண்ணோடு புதைக்கப்படுவான்.