நாடக மேடையின் கொடியாள்

தமிழ் நாடக மேடை காட்டிய கொடிய பெண்டிருள் மூவர் பெயர் நம் மக்கள் நாவில் நிலைத்துவிட்டது. நல்லதங்காள் கதையின் மூளியலங்காரி, சாரங்கதரன் கதையின் சித்திராங்கி, மனோகரன் கதையின் வசந்தசேனை ஆகியோரே அம்மூவர். கோலசிலாங்கூர்த் தோட்டங்களின் முதியோர்க்கும் இக்கதைகள் புதியன அல்ல. மூவரும் வெறுக்கத்தக்கவரே. ஆயினும், அவர்கள்மேல் நாம் கொள்ளும் வெறுப்பு யாரைக் காக்கின்றது என்பது ஆராயத் தக்கது.

சாரங்கதரன் கதையை முதற்கண் நோக்குவோம். பறந்துபோன புறாவைத் தேடிச் சிற்றன்னையின் மாளிகை புகுந்த இளவரசன் அவள் வேட்கைக்கு இணங்க மறுக்கிறான். அவள் பழி சுமத்துகிறாள். இதுவரை குற்றம் அவளுடையதே. கைகால்களைத் துணிக்க ஆணையிட்டவனோ, தீர விசாரியாத தந்தை நரேந்திரன். கோவலன் வழக்கில் பாண்டியன் இழைத்த பிழையும் இத்தகையதன்றோ? இளங்கோவடிகள் அப்பிழையைப் பொற்கொல்லன் தலையில் மட்டும் ஏற்றி அமையவில்லை; அரசனையே அரியணையில் உயிர்விடச் செய்தார். நாடக மேடையோ அரசனைப் பெரும்பாலும் விடுத்துச் சித்திராங்கியைப் பற்றிக்கொண்டது. 1958-இல் வெளிவந்த 'சாரங்கதரா' திரைப்படத்தில் அவள் முதலில் விரும்பியது இளவரசனையே. கணவனாக வாய்த்தவனோ அவன் தந்தை. இச்செய்தியை அறிந்தபின் அவளை வெறும் காமுகி என்று ஒதுக்கல் எளிதன்று.

பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்து, உரைநடை நாடகத்திற்குப் பெருமதிப்புத் தேடித்தந்தவர். அவர்தம் 'மனோகரா'வில் தாய் பத்மாவதியின் பொறுமையும் மகனின் சினமும் மோதும் இடங்கள் இன்றும் ஒளி குன்றாதவை. ஆனால், அரசியைத் துறந்தவன் அரசன். அவையோர் சினமோ வசந்தசேனைமேல். வடமொழி 'மிருச்சகடிக'த்தின் வசந்தசேனையும் கணிகையே. ஏழைச் சிறுவனின் மண் தேரில் தன் அணிகலன்களைக் கழற்றி வைத்த பெருந்தகையாள் அவள். பெயர் ஒன்றாயினும் நெஞ்சம் வேறு. கணிகை என்றாலே வஞ்சகி என்னும் முடிவு நம் பழைய இலக்கியத்தின் முடிவன்று; மாதவியைப் படைத்த மொழி நம்முடையது.

நல்லதங்காள் கதையோ இன்னும் கூர்மையானது. பன்னீராண்டுப் பஞ்சத்தில் ஏழு மக்களோடு பிறந்தகம் வந்தவளுக்கு அண்ணன் மனைவி ஓட்டைப் பானையும் ஈர விறகும் தருகிறாள். கொடுமைதான். ஆயினும், நாட்டையே வாட்டிய பஞ்சம் ஒருத்தியின் அடுப்பங்கரைக்குள் அடங்கிவிடுகிறது. குடிகளைக் காவாத கோலைப் பற்றி அவையோர்க்கு வினா எழுவதில்லை.

இந்நாடகங்களை எழுதியோர் பெரும்பாலும் ஆடவர். சபையிலும் பாலர் குழுக்களிலும் பெண்வேடம் புனைந்தோரும் ஆடவரும் சிறுவருமே. பெண் தன் பக்கத்தைத் தானே கூற வாய்ப்பின்றி எழுந்த வழக்கு இது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936-இல் வெளியிட்ட 'தாசிகள் மோசவலை' என்னும் நாவல், மோசவலை விரித்தோரையும் அதில் வலிந்து விழுந்த மைனர்களையும் ஒருசேரக் காட்டியது. மேடை மறைத்த பாதி அங்கே வெளிப்பட்டது.

ஆசிரியப் பெருமக்கள் இந்நாடகங்களை ஒதுக்க வேண்டுவதில்லை. நடிக்கச் செய்யலாம், பயிற்றலாம். கதை முடிந்தபின், "பழி சொன்னவள் யார்?" என்று கேட்கும் நாம், "தீர்ப்பளித்தவர் யார்?" என்றும் மாணவரைக் கேட்டல் வேண்டும். சிலப்பதிகாரம் பயின்ற மாணவர்க்கு இரண்டாம் வினா புதிதன்று.