ஏதென்ஸும் காமன் பொட்டலும்

மேலைநாட்டார் தங்கள் நாடக வரலாற்றைக் கிரேக்கத்தில் தொடங்குவார்கள். அதற்கும் முன்னால் எகிப்தை வைப்பார்கள். ஒசிரிஸும் டயோனிசஸும் ஒரே தெய்வம்தான் என்று ஹெரோடோட்டஸே எழுதிவைத்துவிட்டதால் அந்த வரிசைக்கு வலுவும் உண்டு. நாமும் அதையே பாடமாக்கிக்கொண்டோம். இலங்கை மலையகத்தின் கொட்டகலையில் உயர்தரத்துக்கு நாடகமும் அரங்கியலும் எடுக்கும் பிள்ளைக்கு, இரண்டாம் நடிகனைக் கொண்டுவந்தவர் எஸ்கிலஸ் என்பது மனப்பாடம். அதே பிள்ளையின் லயத்துக்குப் பக்கத்துப் பொட்டலில்தான் மாசி வளர்பிறையில் காமன் கூத்துக்கான கம்பம் ஊன்றுகிறார்கள். பௌர்ணமியை ஒட்டிய இரவில் சிவன் மன்மதனை எரிக்கிறார். பிறகு அவன் உயிர்த்தெழுகிறான்.

கிரேக்க ஒப்பீட்டால் நமக்குக் கிடைத்த நன்மை சிறிதல்ல. தமிழறிஞர் கா. சிவத்தம்பி பேர்மிங்ஹாமில் கிரேக்க நாடக ஆய்வாளர் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு செய்தபோது, பண்டைத் தமிழ் நாடகத்தை அந்த வெளிச்சத்தில்தான் ஆராய்ந்தார். சடங்கின் வயிற்றில் நாடகம் பிறக்கிறது என்ற பார்வை, தோட்டத்துக் கூத்தென்று உதட்டைப் பிதுக்கியவர்களையும் திரும்பிப் பார்க்க வைத்தது.

ஒப்பீட்டை ஏணியாக்கும்போதுதான் கோளாறு. சடங்கு கீழ்ப்படி, ஏதென்ஸ் மேல்படி, காமன் கூத்து நடுவில் நின்றுபோனது என்று கூசாமல் எழுதுகிறோம். அந்த ஏணியின் தொடக்கத்தில் வைக்கும் எகிப்தின் அபைடோஸ் 'நாடகம்' என்று நாம் படிப்பதற்கு எழுத்துப் பிரதியே கிடையாது. மன்னன் மூன்றாம் செனுஸ்ரெத் காலத்து அதிகாரி இக்கர்நோப்ரெத், ஒசிரிஸ் விழாவைத் தான் நடத்திய விதத்தைக் கல்லில் பொறித்தான். பெரும்பாலும் அதை வைத்துத்தான் பின்னாள் அறிஞர்கள் அதற்கு நாடகம் என்று பெயரிட்டார்கள். காமன் கூத்துக்கோ ஆட்டமும் பாட்டும் தப்புப் பறையடியும் இன்றும் கண்ணெதிரே இருக்கின்றன. காமன் எரிந்த பிறகு, சேலை கட்டிய ஆண் காமனின் மனைவி ரதியாகத் தலைவிரித்து ஒப்பாரி வைப்பார். சுற்றி நிற்கும் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அதில் எந்தப் படி குறைகிறது?

ஏதென்ஸில் கோரஸின் செலவைப் பணக்காரக் குடிமகன் ஏற்றான், ஆடியவர்களும் குடிமக்கள். இங்கே 1948ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையைப் பறித்த தோட்டத்துச் சனம், கொழுந்தெடுத்த கூலியில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு விடியவிடிய ஆடியது. கிரேக்கப் பாடத்தை மட்டும் படித்தவருக்கு இதன் கனம் தெரியாது.

இதனால் காமன் கூத்தில் குறையே இல்லை என்று சாதிக்க வரவில்லை. பெண்ணை ஆடவிடாததில் ஏதென்ஸும் பொட்டலும் ஒன்றுதான். மலையில் கொழுந்தெடுப்பவள் பெண்; ரதியின் துயரத்தை ஆடுபவர் மட்டும் ஆண். தப்பில்லாமல் கூத்து நகராது, ஆனால் தப்படிப்பவரை எங்கே நிறுத்துவது என்பதில் சாதி இன்னும் மூக்கை நுழைக்கிறது. மரபு, மரபு என்று நெஞ்சை நிமிர்த்துபவர்கள் இந்த இரண்டையும் பேச மாட்டார்கள்.

கிரேக்கத்தைப் பாடத்திலிருந்து தூக்க வேண்டியதில்லை. எஸ்கிலஸ் பற்றிய கேள்விக்கு அடுத்ததாக, கூத்தைப் பயிற்றுவிக்கும் காமன் மாஸ்டர் ரதி வேடத்துக்கு ஆள் பழக்கும் விதத்தையும் வினாத்தாளில் கேட்கலாம். ஒரு பெண்பிள்ளையை ஏன் அவர் பழக்குவதில்லை என்பதையும் சேர்த்தே கேட்கலாம்.