நடுவில் என்ன நடந்தது, டீச்சர்?

ஊரே கிறுக்கு என்று சொன்னாலும் பரவாயில்லை. ஒரு பாடம் பிள்ளைக்குப் புரிந்ததா என்று பார்க்க, அதைக் கதையாக்கிப் படமெடுக்கச் சொல்வதற்கு ஈடான வழி எதையும் நான் இதுவரை கண்டதில்லை. புதுக்கோட்டைப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். எங்களிடம் இருப்பது ஒரு பழைய ஆண்ட்ராய்டு போன், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், கலர் களிமண். இதை வைத்துக்கொண்டு இந்தப் பிள்ளைகள் அடிக்கிற கூத்து இருக்கிறதே! ஓய்வறையில் நான் வாயைத் திறந்தாலே, "ரீல் ஓட ஆரம்பிச்சிருச்சு" என்று சக ஆசிரியர்கள் டீ குடிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். போகட்டும், உங்களிடம் சொல்கிறேன்.

செல் பிரிதல் பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். புரோஃபேஸ், மெட்டாஃபேஸ், அனாஃபேஸ், டீலோஃபேஸ் என்று நான்கு படங்கள். பிள்ளைகள் பெயர்களைக் கடகடவென்று ஒப்பிப்பார்கள், படத்தை அச்சு மாறாமல் வரைவார்கள், முழு மதிப்பெண்ணும் வாங்கிவிடுவார்கள். அதையே ஸ்டாப் மோஷனில் எடுக்கச் சொன்னேன். கறுப்பு சார்ட்டின் மேல் சிவப்பும் நீலமுமாகக் களிமண் குரோமோசோம்கள். ஸ்டூலின் நடுவில் ஓர் ஓட்டை இருக்குமே, அதன் மேல் போனை மல்லாக்கப் படுக்க வைத்தால் லென்ஸ் நேராகக் கீழே பார்க்கும். நொடிக்கு 12 படம் என்றால் ஒரு நிமிடத்துக்கு 720 படம். ஒவ்வொரு கிளிக்குக்கும் களிமண்ணைத் துளி நகர்த்த வேண்டும்.

மெட்டாஃபேஸில் நடுவே வரிசைகட்டி நின்றவை அனாஃபேஸில் இரு பக்கமும் ஒதுங்கி நிற்கின்றன. புத்தகத்தில் பார்க்கும்போது கண் இதைச் சுலபமாகத் தாண்டிப் போய்விடும். ஸ்டூலுக்கு அடியில் கையை விட்டுக் களிமண்ணை நகர்த்தும் பெண்ணால் தாண்ட முடியுமா? அவள் விரல் அப்படியே நின்றுவிட்டது. "டீச்சர், நடுவுல என்ன நடந்துச்சு? இது தானா போகுமா, எதாச்சும் இழுக்குமா? முழுசா போகுமா, பிளந்துகிட்டுப் போகுமா?"

எனக்குப் புல்லரித்துவிட்டது! குரோமோசோம்களை இழுப்பவை கதிர்கோல் இழைகள் என்று கரும்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதிப் போட்டபோது யாரும் கேட்காத கேள்வி அது. இழைகளுக்காகத் தையல் நூலைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு குரோமோசோமும் இரண்டு குரோமேட்டிடுகளாகப் பிளக்க வேண்டும் என்று தெரிந்ததும், செய்த களிமண்ணையெல்லாம் பிசைந்துவிட்டு இரட்டை இரட்டையாகத் திரும்ப உருட்டினார்கள். நான் செய்யச் சொல்லவில்லை, படம் கேட்டது.

இதில் இன்னொரு அழகு இருக்கிறது. 1882இல் இதைப் புத்தகமாக எழுதிய வால்டர் ஃபிளெமிங் என்ற ஜெர்மானியரும் இதே வேலையைத்தான் செய்தார். சாலமாண்டரின் திசுக்களில் சாயம் ஏற்றிப் பார்த்தால் ஒவ்வொரு செல்லும் வெவ்வேறு கட்டத்தில் உறைந்து கிடக்கும். எது முந்தி, எது பிந்தி என்று அவர்தான் அடுக்க வேண்டியிருந்தது. இதைச் சொன்னதும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "அப்போ அவரு எடிட்டரு டீச்சர்!" அந்தப் பையன் அறிவியலில் வாய் திறந்து நான் கேட்டது அன்றுதான்.

போனைத் தொடுவதற்கு முன்னால் ஒரு சட்டம் உண்டு. கதையைப் பக்கத்தில் இருப்பவரிடம் வாயால் சொல்ல வேண்டும், கேட்பவர் 'ம்' கொட்ட வேண்டும். புரியாத இடத்தில் 'ம்' நின்றுவிட வேண்டும். அப்பத்தாக்களிடம் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 'ம்' நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டால் போதும், எங்கே பாடம் புரியவில்லை என்பது வெட்டவெளிச்சமாகிவிடும். ஸ்டோரிபோர்டு அதற்கப்புறம்தான்.

கேமராவைப் பழக்க நான் வைத்திருப்பது லூமியே பயிற்சி. 1895இல் பாரிஸில் லூமியே சகோதரர்கள் காட்டிய படங்கள் ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. கேமரா அசையாது, வெட்டும் ஒட்டும் கிடையாது. பிரான்சில் பள்ளிப் பிள்ளைகளுக்கு 1990களிலிருந்தே இதைப் பயிற்சியாகக் கொடுக்கிறார்கள். நானும் கொடுத்தேன்: ஓரிடத்தில் போனை வை, ஒரு நிமிடம் தொடாதே. ஒருவன் சத்துணவுக் கூடத்தின் வாசலை எடுத்து வந்தான். தட்டோடு வரிசையில் நிற்கும் ஒரு பொடிசு, தனக்குப் பின்னால் நிற்பவனை யாருக்கும் தெரியாமல் முன்னால் விடுகிறது. அவ்வளவுதான். வகுப்பே அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னது.

குலஷோவ் விளையாட்டைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. 1920ஐ ஒட்டி ரஷ்யாவில் லெவ் குலஷோவ் ஒரு நடிகரின் முகத்தை எடுத்துக்கொண்டார். அதே முகத்துக்குப் பக்கத்தில் சூப் தட்டை ஒட்டினால் பசி, சவப்பெட்டியை ஒட்டினால் துக்கம் என்று பார்த்தவர்கள் புரிந்துகொண்டார்களாம். எங்கள் வகுப்பின் உம்மணாமூஞ்சி ஒருவனை உட்காரவைத்து எடுத்தோம். ஒரு முறை பிரியாணிப் பொட்டலம், ஒரு முறை திருத்திய விடைத்தாள், ஒரு முறை காலி பெஞ்ச். "நான் நடிக்கவே இல்லையே டீச்சர்" என்று அவன் கத்தக் கத்த, மூன்றாவதைப் பார்த்த இரண்டு பிள்ளைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மறுவாரம் வாட்ஸ்அப்பில் சுற்றிய ஒரு வீடியோவைக் கொண்டுவந்து, "இதுல வெட்டு எங்கருக்குன்னு கண்டுபிடிச்சிட்டோம்" என்கிறார்கள்! சமூக அறிவியல் ஆசிரியர் அன்று டீ குடிக்கப் போகவில்லை. இப்போது அவரும் நம் கட்சி.

அவரோடு சேர்ந்துதான் கண்மாய்ப் படம் எடுத்தோம். மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிய நீர்பாய்ச்சி ஒருவர், வயதானவர், எங்கள் மாணவி ஒருத்தியின் தாத்தா. கண்மாய்க்குள் இருக்கும் குமிழித் தூம்பின் மூடியை ஆள் முங்கித் திறக்கும் விதத்தை அவர் கையை ஆட்டி ஆட்டி விவரித்தார். தண்ணீரின் அழுத்தத்தைச் சூத்திரமாகச் சொன்னால் கொட்டாவி விடுகிறவர்கள், "ஆழத்துல காது ஏன் தாத்தா அடைக்குது?" என்று கேட்டார்கள். ஒலிதான் பெரிய பாடு. கரையில் காற்று அடித்தால் பேச்சு போச்சு. இரண்டாவதாக ஓர் இரவல் போனை அவர் சட்டைப் பையில் ரெக்கார்டரில் ஓடவிட்டு, தொடக்கத்தில் ஒரு கைதட்டு. அந்தத் தட்டை வைத்து கைன்மாஸ்டரில் படத்தையும் குரலையும் பொருத்திவிடலாம். வகுப்பறைக்குள் எடுத்தால் மின்விசிறியை நிறுத்த வேண்டும், வியர்வையோடுதான் கலை.

போர்ஷன் முடியுமா என்று கேட்பீர்கள். எல்லாப் பாடத்தையும் இப்படி எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. தனிம வரிசை அட்டவணையைப் படமெடுத்து என்ன செய்ய? ஒன்று இன்னொன்றாக மாறுகிற பாடங்களுக்கு இது அமிர்தம். நடுவில் ஒன்றும் நடக்காத பாடத்துக்கு வீண் வேலை.

அடுத்தது நிலாவின் பிறைகள். இருட்டறை, டார்ச், வெள்ளைப் பந்து, பூமியின் இடத்தில் போன். பூமியின் நிழல் விழுவதால்தான் நிலா தேய்கிறது என்று பாதி வகுப்பு அடித்துச் சொல்கிறது. நான் மறுக்கவே இல்லை. அப்படியே எடுங்கள் என்று சொல்லிவிட்டேன். நிழலே படாத இடத்தில் பௌர்ணமி வரட்டும் என்று பந்தை டார்ச்சின் பக்கம் கொண்டுபோவார்கள், போனில் தெரிவது இருட்டுப் பந்தாக இருக்கும். அப்போது அவர்கள் என்ன கேட்கப் போகிறார்கள் என்று பார்க்க வெள்ளிக்கிழமை வரை என்னால் பொறுக்க முடியவில்லை.