சேலத்துப் படத் தொழிற்சாலை

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பெரிய உத்தியோகத்தில் இருக்கும் நண்பர் ஒருவர், தம் கம்பெனியின் வெள்ளிவிழா மலருக்காக அதன் சரித்திரத்தை எழுதிக்கொண்டு வந்தார். "நீங்கள் கதை எழுதுகிறவர். ஒரு பார்வை பார்த்துத் திருத்திக் கொடுங்கள் ஸார்" என்றார். பத்துப் பக்கம். எங்கே பார்த்தாலும் 'முதல்' என்ற வார்த்தை. முதல் யந்திரம், முதல் ஏற்றுமதி, முதல் பரிசு. மனிதர்கள் என்று பார்த்தால் முதலாளியின் படம் ஒன்றுதான்.

படித்து முடித்ததும் எனக்கு மாடர்ன் தியேட்டர்ஸ் ஞாபகம் வந்தது. அதன் சரித்திரத்தையும் இப்படித்தான் எல்லோரும் சொல்லி வருகிறார்கள். ஓசூரும் கிருஷ்ணகிரியும் 1965 வரையில் சேலம் ஜில்லாவைச் சேர்ந்தவை. மோட்டார் வண்டிகளும் கைக்கடிகாரங்களும் இந்தப் பக்கத்தில் உற்பத்தியாவதற்கு வெகுகாலம் முன்பே, அந்த ஜில்லாவின் தலைநகரில், ஏற்காடு ரஸ்தாவில், ஒரு தொழிற்சாலை சினிமாப் படங்களை உற்பத்தி செய்துகொண்டிருந்தது.

திருச்செங்கோடு டி. ஆர். சுந்தரம் அதன் முதலாளி. 1937-ல் 'சதி அகல்யா' வெளிவந்தது. 1938-ல் 'பாலன்', மலையாளத்தின் முதல் பேசும்படம். 1940-ல் 'உத்தமபுத்திரன்', பி. யு. சின்னப்பாவுக்கு இரட்டை வேஷம். 1956-ல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்', தமிழின் முதல் முழுநீளக் கலர்ப் படம். 1961-ல் 'கண்டம் பெச்ச கோட்டு', மலையாளத்தின் முதல் கலர்ப் படம். இந்தப் பட்டியலில் பொய் எதுவும் இல்லை. ஆனால் எப்படிச் செய்தார்கள், ஏன் நின்றுபோயிற்று என்ற இரண்டு கேள்விகளுக்கும் இதில் பதில் இல்லை. அவற்றுக்குப் பதில் சொல்லாத எழுத்தைச் சரித்திரம் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

சுந்தரம் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் ஜவுளித் தொழில் படித்தவர். ஆலையின் ஒழுங்கைப் படத்துக்குக் கொண்டுவந்தார். நடிகர், எழுத்தாளர், தொழில்நுட்பக்காரர் எல்லோருக்கும் மாதச் சம்பளம். ஒரே காம்பவுண்டுக்குள் எல்லா வேலையும். 'மந்திரி குமாரி' முடிவதற்குள் டைரக்டர் எல்லிஸ் ஆர். டங்கன் அமெரிக்காவுக்குப் புறப்பட்டுப் போய்விட்டார். மிச்சத்தைச் சுந்தரமே எடுத்து முடித்தார். ஆள் ஒருவர் போனால் தறி நிற்கக்கூடாது என்பது ஆலை தர்மம்.

அங்கே கதைக்கும் ஓர் இலாகா இருந்தது. கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதைக் கேட்டால் முதலில் சிரிப்புத்தான் வரும். ஆனால் அந்த ஆலை எதைக் கதையாக்கிற்று என்று பார்க்கவேண்டும். 1950-ல் வந்த 'மந்திரி குமாரி'யின் மூலம் குண்டலகேசி, வசனம் மு. கருணாநிதி. அதே ஆண்டு வந்த 'பொன்முடி' பாரதிதாசன் காவியத்திலிருந்து. 1952-ல் 'வளையாபதி'. குண்டலகேசியும் வளையாபதியும் முழு நூலாக நமக்குக் கிடைக்கவில்லை. சிதறிய சில பாட்டுக்களே மிச்சம். பண்டிதர்கள் பாடபேதம் பார்த்துக்கொண்டிருந்த துண்டுகளை, தரை டிக்கெட் வாங்கியவனுக்கும் முழுக் கதையாக்கித் தந்தது இந்தத் தொழிற்சாலை.

அவை எல்லாம் உயர்ந்த கலை என்று நான் வாதாடப் போவதில்லை. பாத்திரங்கள் பேசுவதில்லை, பிரசங்கம் செய்கிறார்கள். பாட்டும் கத்திச் சண்டையும் கணக்குப் பார்த்து வைத்தவை. ஆனாலும் 'மந்திரி குமாரி'யில், மலையுச்சியில் தன்னைத் தள்ளிவிட நினைக்கும் கணவனை மனைவி தள்ளிவிடும் கட்டம் ஒன்று போதும். பழைய கதையின் முதுகெலும்பு எங்கே இருக்கிறது என்று அந்த இலாகாவுக்குத் தெரிந்திருந்தது.

1963-ல் சுந்தரம் காலமானார். பிறகும் படங்கள் வந்தன. 1966-ல் ஜெய்சங்கர் நடித்த 'வல்லவன் ஒருவன்', 'இரு வல்லவர்கள்' நன்றாகவே ஓடின. ஆனால் காலம் மாறியிருந்தது. மாதச் சம்பளத்துக்கு நட்சத்திரங்கள் அகப்படுவதில்லை; அவர்கள் குடியிருப்பது 300 கிலோமீட்டருக்கு அப்பால், சென்னையில். 1980-களின் தொடக்கத்தோடு எல்லாம் ஓய்ந்தது.

ஏ.வி.எம்.மை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். காரைக்குடியில் தொடங்கிய மெய்யப்பன் 1948-லேயே கோடம்பாக்கம் போய்விட்டார். 1979-ல் அவர் மறைந்த பிறகு பிள்ளைகள் தொடர்ந்து படம் எடுத்தார்கள். ஜனங்கள் வீட்டில் உட்கார்ந்து டெலிவிஷன் பார்க்க ஆரம்பித்தபோது அதற்கும் தொடர்கள் தயாரித்தார்கள். சேலத்துக் கம்பெனி இருந்த இடத்தில் இருந்தது. அப்படி இருந்ததுதான் அதற்குக் கட்டுப்பாட்டைத் தந்தது. அதுவே பின்னால் அதற்குப் பாரமாகவும் ஆயிற்று. அந்தக் கட்டுப்பாடு ஒரு மனிதரோடு வந்தது. அந்த மனிதரோடு போயிற்று. கம்பெனியின் சொத்தாக அது மாறவில்லை என்பதே என் அபிப்பிராயம்.

இன்று ஏற்காடு ரஸ்தாவில் நிற்பது வாசல் வளைவு மட்டும். உள்ளே வீடுகள். வளையாபதிக்கு நேர்ந்த கதிதான் அதைப் படமாக்கிய ஆலைக்கும் நேர்ந்திருக்கிறது. அங்கே விளக்குப் பிடித்தவர்கள், பிலிம் கழுவியவர்கள், செட்டுக்கு ஆணி அடித்தவர்கள் ஆகியோருடைய பெயர்கள் எந்த 'முதல்' பட்டியலிலும் இல்லை. அவர்கள் இல்லாமல் அந்த நூற்றுக்கு மேற்பட்ட படங்களில் ஒன்றுகூட வந்திருக்காது.

நண்பரின் பத்துப் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தபோது ஒரு திருத்தம்தான் சொன்னேன். "முதல் யந்திரம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை முதலில் ஓட்டியது யார்?"

அவர் சற்று நேரம் யோசித்தார். "விசாரிக்க வேண்டும் ஸார்" என்றார். மலர் இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்று கேள்வி. எனக்கு அதில் சந்தோஷம்தான்.