காயலான் கடையிலிருந்து மீண்ட எஞ்சின்

வேல்ஸில் உள்ள பாரி என்ற துறைமுக ஊரின் காயலான் கடைக்குப் போன நீராவி எஞ்சின்களில் 213 உயிர்பிழைத்தன. அவற்றில் படுமோசமான நிலையில் நின்ற ஒன்று, 71000 எண்ணுள்ள 'டியூக் ஆஃப் குளோஸ்டர்'. 1954இல் இங்கிலாந்தின் குரூ ரயில் பணிமனையில் உருவானது. அந்த ரகத்தில் இது ஒன்றே ஒன்றுதான். கரியை வாரி விழுங்கும், ஆனால் நீராவி போதாது என்று பெயர் வாங்கி, எட்டே ஆண்டுகளில் ஓரங்கட்டப்பட்டது.

1974இல் ஆர்வலர் குழு ஒன்று அதை வாங்கியபோது வெளிப்புற சிலிண்டர்கள் இரண்டும் இல்லை. சிலிண்டர்களுக்குள் நீராவியை விட்டு வெளியேற்றும் கப்ரோட்டி வால்வு அமைப்பும் கழற்றப்பட்டிருந்தது. ஒற்றை எஞ்சினுக்காகச் செய்த பாகங்கள் வேறெங்கே கிடைக்கும்? புதிதாகவே வார்த்து, கடைந்து பொருத்தினார்கள். சம்பளமில்லாத வேலை, வருடக்கணக்கில்.

ஆனால் உண்மையான அற்புதம் வேறு. பழைய வரைபடங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, சாம்பல் தொட்டியின் காற்றுவழி வரைந்த அளவைவிடச் சிறிதாகச் செய்யப்பட்டிருப்பது தெரிந்தது. நெருப்புக்கு மூச்சுத்திணறல்! ஓட்டுநர்களின் புகாருக்குக் காரணம் புரிந்துவிட்டது. அந்தப் பிழையைத் திருத்தினார்கள். பின்னாளில் புகைபோக்கி அமைப்பையும் மாற்றினார்கள். பெரிய பணிமனை கவனிக்காமல் விட்டதைத் தன்னார்வலர்களின் பொறுமை கண்டுபிடித்தது.

1986இல் அது மறுபடி ஓடியது. பிறகு மெயின் லைனுக்கும் வந்து, வடக்கு இங்கிலாந்தின் ஷாப் ஏற்றத்தில், இளமையில் காட்டாத வேகத்தைக் காட்டியது.