கடன் கொடுப்பவனுக்கு இரவல் பெயர்

உரோம நாடகாசிரியர் பிளாட்டஸ் கி.மு. 184-இல் மறைந்தார். அவருடைய 'மோஸ்டெல்லாரியா' என்னும் நகை நாடகத்தில், தந்தை அயலூர் சென்றிருக்கையில் மகன் கடன் வாங்கிச் செலவழிக்கிறான். தந்தை திரும்பும் நாளில், கடன் கொடுத்தவன் வாசலில் நின்று வட்டி கேட்டுக் கூச்சலிடுகிறான். நாடகம் அவனுக்கு வைத்த பெயர் 'தனிஸ்தா'. இது கிரேக்கச் சொல்லின் இலத்தீன் உருவம். அவன் கேட்கும் வட்டிக்கோ 'ஃபேனுஸ்' என்னும் தாய்மொழிச் சொல்லே நிற்கிறது!

கதை ஏதென்ஸில் நிகழ்வது. ஆதலின் கிரேக்கச் சொல் வந்தது என்பர். உண்மைதான், ஆயினும் அது முழு விடையன்று. வட்டிக்காரனைக் குறிக்க 'ஃபேனராட்டர்' என்ற சொந்தச் சொல்லும் உரோமரிடம் இருந்தது. திருடனுக்கு இரு மடங்கும் வட்டிக்காரனுக்கு நான்கு மடங்கும் தண்டம் விதித்த முன்னோரைக் கேட்டோ தம் வேளாண்மை நூலின் முகப்பில் போற்றும்போது இச்சொல்லையே ஆள்கிறார். கண்டிக்கையில் சொந்தப் பெயர். மேடையில் சிரிக்கையில் அயலான் பெயர்.

தமிழரும் இதற்கு விலக்கல்லர். சவுக்கார், சேட்டு, லேவாதேவிக்காரர் யாவும் வடக்கிலிருந்து வந்த பெயர்கள். ஊர் ஊராகக் கடன் கொடுத்துத் திரிந்த பட்டாணியரை 'ஈட்டிக்காரன்' என்றனர். சொல் தமிழ், ஆள் அயலான். நம் திரைப்படங்களில் சேட்டு வேடம் கட்டியவர் கொச்சைத் தமிழ் பேசிச் சிரிப்பூட்டுவதைப் பலமுறை கண்டுள்ளோம். பிளாட்டஸின் உத்தியே இது. பக்கத்துத் தெருவில் நல்ல தமிழ் பேசி வட்டி வாங்குபவர் அச்சிரிப்பில் தப்பிவிடுகிறார். இதை நகைச்சுவை என்று ஒப்ப நமக்கு மனமில்லை.

அரபு மொழி இந்த ஒளிவிடத்தைத் தருவதில்லை. 'ரிபா' என்றால் பெருகுதல்; அதே வேரிலிருந்து வட்டி வாங்குபவன் 'முராபீ' ஆகிறான். பழந்தமிழ்க் கல்வெட்டுகளின் 'பொலிசை'யும் பெருகுதலையே சுட்டும். ஆனால் அல்பகரா அத்தியாயத்தின் 276-ஆம் வசனம், அல்லாஹ் ரிபாவை அழித்துத் தருமங்களைப் பெருக்குகிறான் என்று கூறுகையில், அப்பெருக்கத்துக்கும் ரிபாவின் வேர்ச்சொல்லையே ஆள்கிறது. வட்டிக்காரன் தனதென்று நினைத்த சொல்லை அவ்வசனம் அவன் கையிலிருந்து வாங்கி ஏழைக்கு ஈபவனிடம் கொடுத்துவிடுகிறது. இத்தகைய சொல்லாட்சியை பிளாட்டஸிடம் நாம் காணவில்லை.

அசல், பாக்கி, வசூல், ஜாமீன் எனத் தமிழ்க் கடன் கணக்கில் புழங்கும் சொற்களோ அரபு வழி வந்தவை. சத்துவாச்சாரியிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரை, தோல் தொழிலை நம்பி வாழும் நம் குடும்பங்களில் 'வட்டி' என்று சொல்ல நாக்கூசுவோர் உண்டு. அவர்களே 'பைனான்ஸ்' என்று கூசாமல் சொல்கின்றனர்.